பத்துப் பேர் முன்னால் ஒரு நன்றி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிலநடுக்கத்தில் உயிர் தப்பிய யூதர்கள் ஜெப ஆலயத்தில் ஒரு நன்றிமொழி சொல்வார்களாமே. வீட்டிலேயே சொல்லக் கூடாதா? ஊரே தப்பியிருந்தால்? பக்கத்து வீட்டில் சாவு விழுந்திருக்கும்போது நன்றி சொல்வது உறுத்தாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கேட்பது ஹகோமேல் ஆசியைப் பற்றி. தரை ஆடிய கணத்திலேயே சொல்ல வேண்டிய ஆசி வேறு: ‘அவன் வலிமையும் ஆற்றலும் உலகை நிறைக்கின்றன.’ அதற்குக் கூட்டமும் வேண்டாம், ஆபத்தும் வேண்டாம். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஹகோமேலுக்கு உரியவர்கள் என்று தல்முத் (பழைய யூதச் சட்டத் தொகுப்பு) சொல்வது நால்வரை: கடல் கடந்தவர், பாலைவனம் கடந்தவர், நோயிலிருந்து எழுந்தவர், சிறை மீண்டவர். ஆதாரம் 107-ஆம் சங்கீதம். நிலநடுக்கம் அந்த நான்கில் இல்லை. சுவர் இடிந்து விழுந்தும் பிழைத்தவர் சொல்லலாமா என்று ‘ஷுல்ஹான் அரூக்’ என்னும் பிற்காலச் சட்டநூல் இரு கட்சியையும் எடுத்துக்காட்டி, இறைப்பெயரை விட்டுச் சொல்வது நல்லது என்கிறது. ஆனாலும் முழுதாகச் சொல்வதே பரவலான வழக்கம்.

வீட்டில் தனியாகச் சொல்லக் கூடாது. சபையில் போற்றச் சொல்கிறது அதே சங்கீதம்; அதனால் பத்துப் பேர் வேண்டும். எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் நன்றிப் பலியோடு 40 ரொட்டி. ஆலய ஆசாரியருக்கு 4 போக மீதி 36-ஐயும் இறைச்சியையும் அன்றிரவுக்குள் தின்று தீர்க்க வேண்டும். ஒரு குடும்பத்தால் முடிகிற காரியமா? ஊரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிட்டால் தப்பிய கதையையும் சொல்லியாக வேண்டும்!

இன்று ஜெப ஆலயத்தில் தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) வாசிப்புக்கு அழைக்கப்பட்டவர், அது முடிந்ததும் நின்றபடி, ‘தகுதியற்றோர்க்கும் நன்மை செய்பவன், எனக்கு எல்லா நன்மையும் செய்தான்’ என்கிறார். சபை ‘ஆமென்’ சொல்லி, ‘உனக்கு நன்மை செய்தவன் என்றும் செய்வானாக’ என்று வாழ்த்துகிறது. மூன்று நாளைத் தாண்டவிடக் கூடாது என்பார்கள். திங்கள், வியாழன், சனி என்று வாசிப்பு வருவதால் அது கைகூடும். தாண்டினாலும் சொல்லலாம்.

ஊரே தப்பியிருந்தால் எல்லாருக்குமாக நினைத்து ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கவனித்துக் கேட்டு ‘ஆமென்’ சொன்னால் போதும். கவனம் இல்லாமல் முணுமுணுத்தால் அவர் கடமை தீராது. இத்தாலியின் அங்கோனா யூதர்கள் இதற்கும் மேலே போனார்கள்: 1690 டிசம்பர் நிலநடுக்கத்தில் பிழைத்ததற்காக, யூத நாட்காட்டியின் தேவேத் மாதம் 21-ஐ ஆண்டுதோறும் தங்கள் ஊர்ப் புரீமாக (புரீம் என்பது யூதர்கள் அழிவிலிருந்து தப்பியதைக் கொண்டாடும் திருநாள்) கொண்டாடினார்கள்.

உறுத்தல் பற்றி: ‘தகுதியற்றோர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நல்லவன் என்பதால் பிழைத்தேன் என்று யாரும் அங்கே சொல்லிக்கொள்ள முடியாது. சாவுச் செய்திக்கு ‘உண்மை நடுவர்’ என்று தனி ஆசி இருக்கிறது. ஒன்று மற்றதை அழிப்பதில்லை. தந்தை இறந்து சொத்தும் வந்தால் மகன் ‘உண்மை நடுவர்’ ஆசியையும், நல்ல செய்திக்கு உரிய நன்றி ஆசியையும் சொல்ல வேண்டும் என்கிறது தல்முத்.