பள்ளியை நிறுத்தும் முன் ஒரு பாடத்தை வாசிக்கச் சொல்லுங்கள்

அம்மா, உங்கள் மகன் ஒன்பதாம் வகுப்பு. ‘பள்ளிக்கூடம் வேண்டாம், வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கிறேன்’ என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் அப்பா கல்ஃபில். முடிவெடுக்கும் பாரம் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது டிசி வாங்காதீர்கள். பத்தாம் வகுப்பைப் பள்ளியிலேயே முடிக்கட்டும். தானாகப் படிக்க வேண்டும் என்ற அவன் ஆசை நல்ல ஆசை. அதற்கு வீட்டில் மாலை இரண்டு மணி நேரம் போதும்.

டிசி வேண்டாம் என்பதற்கு முதல் காரணம், கையைவிட்டுப் போகும் உரிமைகள். அவன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிப்பவன் என்றால், பன்னிரண்டு வரை அங்கேயே முடித்தால்தான் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும். 2020-இல் மருத்துவத்துக்கு வந்த அந்த ஒதுக்கீடு, 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. இடையில் வெளியேறினால் அது போய்விடும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளிகள் நிறைய. அங்கே படிப்பவர்களுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. அதனால் உங்கள் பள்ளி எந்த வகை என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழ் வழியில் படிக்கிறவனுக்கு இன்னொன்றும் உண்டு. அரசு வேலையில் தமிழ் வழியில் பயின்றோருக்கான 20 சதவீத முன்னுரிமை 2010-இலிருந்து இருக்கிறது. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். நடுவில் பள்ளியை விட்டால் பின்னால் அதற்கான சான்றிதழ் வாங்க அலைய வேண்டிவரும்.

அடுத்தது, ‘ஆன்லைன் பள்ளி’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஒரே கேள்விதான்: முடிவில் கையில் தரும் சான்றிதழில் எந்த வாரியத்தின் பெயர் இருக்கும்? செயலியும் நேரலை வகுப்பும் நன்றாக இருக்கலாம். ஆனால் சான்றிதழ் தருவது செயலி இல்லை, தேர்வு வாரியம். பதில் நழுவினால் பணம் கட்டாதீர்கள்.

முறையான திறந்தநிலைப் பள்ளி என்றால் அது என்ஐஓஎஸ் (NIOS) எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989-இல் தொடங்கிய மத்திய அரசின் நிறுவனம். பத்தாம் வகுப்பு நிலையில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். சான்றிதழுக்கு ஐந்து பாடங்கள், அவற்றில் ஒன்றாவது மொழிப்பாடம். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும். ஒவ்வொரு பாடமாக எழுதித் தேறலாம். விளையாட்டுப் பயிற்சிக்காக ஊர் ஊராகப் போகிற பிள்ளைக்கும், நீண்ட நாள் சிகிச்சையில் இருக்கிற பிள்ளைக்கும், படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வருகிறவருக்கும் இது உண்மையிலேயே பெரிய வாசல். காலையில் எழும்ப மடியாக இருக்கிறது என்பதற்கான வாசல் இல்லை. சேருவதாக இருந்தால், பின்னால் அவன் போக நினைக்கும் கல்லூரியும் வேலையும் அந்தச் சான்றிதழை ஏற்கின்றனவா என்று அவற்றின் அறிவிக்கையை வாசியுங்கள். தமிழ்நாடு அரசுப் பணி என்றால், வேறு வாரியச் சான்றிதழ் இங்குள்ளதற்குச் சமமாக ஏற்கப்படுமா என்று சொல்லும் பத்தியை இரண்டு முறை வாசியுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

இனி, விஷயத்தின் நடுவுக்கு வருவோம். ஆன்லைனில் படிக்கப் பிள்ளைக்கு என்ன வேண்டும்? போனும் நெட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் வேண்டியது, யாரும் பக்கத்தில் இல்லாமல் ஒரு பாடத்தை உட்கார்ந்து வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். அது இல்லாத பிள்ளைக்கு ஆன்லைன் என்பது வெறும் பார்வை. அவனிடம் அது இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துகொள்ளலாம்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ஒலிப் பாடம் இருக்கிறது. அதில் எதிரொலி வரும் பகுதியை மட்டும் வீடியோவில் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்ததும், ‘எதிரொலி கேட்கச் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். ‘17.2 மீட்டர்’ என்று டக்கென்று சொல்லிவிடுவான். ‘ஏன் 17.2?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். இப்போது புத்தகத்தைத் திறந்து அதே பகுதியை இருபது நிமிடம் வாசிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தாளில் எழுதட்டும். ஒலி ஒரு நொடிக்கு 344 மீட்டர் போகிறது. காதில் ஒரு சத்தம் 0.1 நொடி நிற்கும், அதற்குள் அடுத்தது வந்தால் இரண்டும் கலந்துவிடும். ஆகவே 0.1 நொடியில் ஒலி போகிற தூரம் 34.4 மீட்டர். சுவருக்குப் போய்த் திரும்பி வருவதால் அதில் பாதி, 17.2. இந்தப் ‘போய்த் திரும்பி’ என்ற இடத்தைத் தானாகப் பிடித்து எழுதினான் என்றால், அவனுக்குச் சுயமாகப் படிக்க வரும். எழுதவில்லை என்றால் திட்ட வேண்டாம். அந்த வாசிப்பைத்தான் முதலில் பழக்க வேண்டும்.

வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். புரியவைத்தது ஆசிரியரின் குரல். தேர்வு அறையில் அந்தக் குரல் இருக்காது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் செய்த சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து நன்றாகச் சொன்னவர்களோ, வாசித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

ஆகவே மாலை இரண்டு மணி நேரத்தை இப்படி வையுங்கள். முதலில் முப்பது நிமிடம் பாடப்புத்தகம், கையில் பென்சிலோடு. புரியாத வரியின் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போடட்டும், அங்கேயே நின்றுவிட வேண்டாம். அடுத்து இருபது நிமிடம் வீடியோ, கோடு போட்ட இடங்களுக்காக மட்டும். வேகத்தைக் கூட்டிவைத்துப் பார்க்க வேண்டாம். பிறகு அரை மணி நேரம் எதையும் பார்க்காமல் எழுதுவது, எழுதியதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் திருத்துவது. மிச்ச நேரத்தில் பாடத்தின் கடைசியில் இருக்கும் கணக்குகள், கேள்விகள். எழுதும் நேரத்தில் போன் அடுக்களையில் உங்களிடம் இருக்கட்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சாகியிருக்கும் கியூஆர் குறியீட்டை திக்‌ஷா செயலியில் காட்டினாலே அந்தப் பாடத்தின் வீடியோ வரும்; காசு கட்ட வேண்டியதில்லை. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் மணற்கேணி செயலியும் இருக்கிறது. மழைக்காலத்தில் கரண்டும் சிக்னலும் போகும், பேச்சிப்பாறைப் பக்கம் மலையில் சொல்லவே வேண்டாம். முந்தின இரவே வீடியோவைப் போனில் இறக்கி வையுங்கள். 480 தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ அரை ஜிபி ஆகும். அதற்கு மேல் தரம் கூட்டினால் டேட்டாதான் தீரும், பாடம் கூடாது.

ஆங்கில வழிப் பிள்ளை என்றால் ஒரு வழி சொல்கிறேன். அதே பாடத்தின் தமிழ் வழிப் புத்தகத்தையும் இலவச பிடிஎஃப்பாக எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பாடங்கள் ஒரே வரிசையில்தான் இருக்கும். முதலில் தமிழில் வாசித்துக் கருத்தைப் பிடித்துவிட்டு ஆங்கிலத்தில் வாசித்தால், மொழியும் பாடமும் சேர்ந்து முட்டாது.

பாடப்புத்தகம் மட்டும் போதாது. இரவு படுக்கும் முன் பதினைந்து பக்கம், எந்தக் கதைப் புத்தகமானாலும் சரி. 250 பக்க நாவல் பதினேழு நாளில் முடியும். நீளமான பத்தியைப் பாதியில் விடாமல் கடைசிவரை பிடித்துப் போகும் பழக்கம் இதில்தான் வருகிறது; பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் அவனிடம் கேட்கப்போவதும் அதைத்தான். வாசிப்பே பழகாத பையனிடம் தடித்த புத்தகத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பத்துப் பக்கச் சிறுகதையில் தொடங்கட்டும். தேங்காய்ப்பட்டணக் கடற்கரையும் நாஞ்சில் நாட்டு வயலும் நாவலாகியிருக்கின்றன. தெரிந்த மண், வீட்டில் கேட்ட பேச்சு என்றால் பையன் சீக்கிரம் உள்ளே போவான். வாங்கிக் குவிக்க வேண்டாம். ஊர் நூலகத்தில் உறுப்பினராக்கிவிடுங்கள், சிறு தொகைதான் ஆகும். நாகர்கோவில் போகும்போது மாவட்ட மைய நூலகத்துக்குள் ஒரு தடவை கூட்டிப்போய், தனக்கு வேண்டியதை அவனே எடுக்கட்டும். நீங்கள் எடுத்துக் கொடுத்தால் அது இன்னொரு வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

கம்ப்யூட்டரில் ஆர்வம் என்றுதான் பள்ளி வேண்டாம் என்கிறான் என்றால், பத்தாம் வகுப்பு முடித்ததும் கோணம் அரசு பாலிடெக்னிக்கில் எந்தெந்த டிப்ளமோ இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். டிப்ளமோ மூன்று ஆண்டு, அதற்குப் பிறகு பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. இதை அவனிடம் இப்போதே சொல்லுங்கள். இன்னும் ஒன்றரை வருடம்தான் என்று கண்ணுக்குத் தெரிந்தால் பள்ளி அவ்வளவு பாரமாகத் தோன்றாது.

ஒன்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அடம் திடீரென்று தொடங்கியது என்றால், பள்ளியில் யாராவது அவனைக் கேலி செய்கிறார்களா, அடிக்கிறார்களா, வகுப்பில் அவமானப்பட்டானா என்று பொறுமையாகக் கேளுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் மேலே சொன்ன அட்டவணைகளை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். பள்ளியில் சரியாகவில்லை என்றால் 1098 குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது.