தொட்டுக்கொள்ள என்ன? பிளேட்டோவின் நகரம் பற்றிச் சில கேள்விகள்

பிளேட்டோ பற்றிய கேள்விகள் கொஞ்ச நாளாகவே சேர்ந்துகொண்டிருக்கின்றன. ஒரே விஷயத்தை நாலு பேர் நாலு விதமாகக் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். சிலவற்றுக்குச் சுருக்கமான பதில் போதும்; சிலவற்றில் நானே மாட்டிக்கொண்டு நீட்டிவிட்டேன்.

கே: பிளேட்டோவின் நூலுக்குத் தலைப்பு ‘குடியரசு’. உள்ளே போனால் தத்துவ ஞானிகள் அரசாள வேண்டும் என்கிறார். தேர்தலே கிடையாது. இது என்ன குடியரசு?

கோளாறு தலைப்பில்தான். கிரேக்க மூலத்தின் பெயர் ‘பொலிட்டேயா’. ஒரு நகரத்தின் ஆட்சி அமைப்பு, அதில் குடிமக்கள் வாழும் விதம் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சொல் அது. ரோமானியர்கள் அதை லத்தீனில் ‘ரெஸ் புப்ளிக்கா’, அதாவது பொதுக் காரியம், என்றார்கள். ஆங்கிலத்தில் ‘ரிபப்ளிக்’ ஆயிற்று. அதைப் பார்த்து நாம் ‘குடியரசு’ என்று வைத்துவிட்டோம். ‘அரசமைப்பு’ என்று வைத்திருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது.

கே: அந்த நூல் பேசுவது நீதியையா, அறத்தையா? ஒவ்வொரு மொழிபெயர்ப்பில் ஒவ்வொன்று இருக்கிறது.

மூலச் சொல் ‘திக்காயோசுனே’. நீதி என்றால் நமக்குக் கோர்ட்டும் தீர்ப்பும் நினைவுக்கு வரும். அந்தக் கிரேக்கச் சொல்லில் அதுவும் உண்டு, அதற்கு மேலும் உண்டு. பிறர் பங்கில் கை வைக்காதவன், வாங்கியதைத் திருப்பித் தருபவன், மற்றவர்களிடம் நடந்துகொள்ள வேண்டிய முறையில் நடப்பவன், இவனெல்லாம் ‘திக்காயோஸ்’. இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டிலே பிரித்துச் சொன்னார்: பிறரிடம் காட்டும் ஒழுக்கம் முழுவதும் ஒன்று, பங்கீட்டில் நியாயம் மட்டும் மற்றொன்று. முதலாவதற்கு ‘அறம்’ பொருந்தும், இரண்டாவதற்கு ‘நீதி’. ஆகவே மனிதனைப் பற்றிப் பேசும் இடத்தில் அறம் என்றும், நகரத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் நீதி என்றும் வாசியுங்கள். நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

கே: “வலுத்தவனுக்கு எது ஆதாயமோ அதுதான் நீதி” என்று திராசிமாக்கஸ் சொல்வதுதானே நடைமுறை? சாக்ரடீஸ் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது.

உங்களுக்கு மட்டுமல்ல, பிளேட்டோவுக்கே அப்படித் தோன்றியிருக்கிறது. நூல் முழுவதும் உரையாடல்தான்: பிளேட்டோவின் குரு சாக்ரடீஸ் பலரோடு வாதிடுகிறார், திராசிமாக்கஸ் அவரை எதிர்த்து வாதிடுபவர்களில் ஒருவர். முதல் பகுதியின் முடிவில் திராசிமாக்கஸ் வியர்த்துக் கொட்டி, முகம் சிவந்து, வாயடைத்துப் போகிறார். இரண்டாம் பகுதி தொடங்கியதும் கிளாக்கன் குறுக்கிடுகிறார். அவர் பிளேட்டோவின் உடன்பிறந்த அண்ணன். ‘நீங்கள் எங்களை நிஜமாகவே நம்பவைக்க வேண்டுமா, நம்பவைத்த மாதிரி இருந்தால் போதுமா?’ என்று கேட்கிறார். பாக்கி ஒன்பது பகுதிகளும் அதற்குப் பதிலாக எழுதப்பட்டவை.

திராசிமாக்கஸின் வாதம் எளிது. எந்த ஆட்சியும் தனக்கு வசதியான சட்டத்தைப் போடுகிறது. அதற்குக் கீழ்ப்படிவதை நீதி என்கிறது. மருத்துவர் தன் நலத்தை அல்ல, நோயாளியின் நலத்தைப் பார்ப்பது போல ஆள்பவரும் ஆளப்படுபவரின் நலத்தைப் பார்ப்பவர் என்கிறார் சாக்ரடீஸ். ‘மேய்ப்பன் ஆட்டைக் கொழுக்க வைப்பது ஆட்டுக்காகவா?’ என்று திருப்பிக் கேட்கிறார் திராசிமாக்கஸ். அந்த மேய்ப்பன் கேள்விக்குச் சாக்ரடீஸ் தரும் பதில் எனக்கு இன்றுவரை முழுதாக நிறைவளித்ததில்லை.

ஆனால் இந்தப் பேச்சு நடக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஏதென்ஸின் பைரேயஸ் துறைமுகத்தில், கெஃபாலஸ் என்ற பெரியவரின் குடும்ப வீடு. சிசிலித் தீவின் சிரக்யூஸ் நகரிலிருந்து வந்து குடியேறியவர், கேடயத் தொழிலில் பணக்காரர். அவருடைய மகன் பொலிமார்க்கஸும் வாதத்தில் கலந்துகொள்கிறார். நண்பனுக்கு நன்மை, பகைவனுக்குத் தீமை, இதுதான் நீதி என்பது அவர் கட்சி. ஏதென்ஸ் வாசகர்களுக்கு இவர்கள் வெறும் கதாபாத்திரங்கள் அல்ல. கி.மு. 404இல், ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் தோற்றதும், முப்பது பேர் கும்பல் ஒன்று ஆட்சியைப் பிடித்தது. அவர்கள் பொலிமார்க்கஸைப் பிடித்து, குற்றச்சாட்டு என்னவென்றுகூடச் சொல்லாமல், நஞ்சு குடிக்க வைத்தார்கள். சொத்தையும் எடுத்துக்கொண்டார்கள். தப்பி ஓடிய தம்பி லிசியாஸ் பிற்பாடு நீதிமன்றத்தில் போட்ட கணக்கில் 700 கேடயங்களும் 120 அடிமைகளும் இருக்கின்றன. வலுத்தவன் ஆதாயம் எப்படியிருக்கும் என்பதற்கு அந்த வீடே சாட்சி. சாக்ரடீஸும் ஐந்தாண்டு கழித்து அதே நஞ்சைக் குடித்தார். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் பிளேட்டோ இவர்களை ஒரே அறையில் உட்கார்த்தி, ‘நீதி என்றால் என்ன?’ என்று பேசவைக்கிறார்.

கே: முப்பது பேர் ஆட்சியில் பிளேட்டோவின் சொந்தக்காரர்களும் இருந்தார்களாமே?

இருந்தார்கள். தலைவர்களில் ஒருவரான கிரிட்டியாஸ் பிளேட்டோவின் தாயின் பெரியப்பா–சித்தப்பா வழிச் சகோதரர். அவர்கள் ஆட்சிக்குத் துணைபோன கார்மிடிஸ் தாய்மாமன்.

கே: குருவைக் கொன்றது ஜனநாயகம் என்பதால்தான் பிளேட்டோ ஜனநாயகத்தை வெறுத்தாரா?

அது ஒரு காரணம். ஆனால் கோபத்தில் எழுதிய நூல் இல்லை இது. ஏதென்ஸ் ஜனநாயகம் நம்முடையது போல் தேர்தலை நம்பி நின்றதல்ல. படைத் தளபதி போன்ற சில பதவிகளுக்கு மட்டுமே தேர்தல், மற்றதெல்லாம் குலுக்கல். அதற்கென்று ஒரு கருவியே வைத்திருந்தார்கள். ஆளுயரப் பளிங்குப் பலகை. அதில் வரிசை வரிசையாகப் பிளவுகள். ஒவ்வொரு குடிமகனும் தன் பெயர் பொறித்த சின்னத் தகட்டைக் கொடுப்பான், அதைப் பிளவில் செருகுவார்கள். பக்கத்தில் ஒரு குழாய். அதில் வெள்ளையும் கறுப்புமாகக் கட்டைகளைக் கொட்டி, ஒவ்வொன்றாக வெளியே விடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுக்க அன்றைக்கு நீதிமன்றத்தில் உட்காரலாம். கறுப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். காலையில் குலுக்கினால், யார் நீதிபதி என்பது வழக்குப் போட்டவனுக்கு முந்தின இரவு தெரியாது. லஞ்சம் கொடுக்க ஆள் தெரிய வேண்டுமே! இந்தப் பலகையின் உடைந்த துண்டு ஒன்று ஏதென்ஸின் அகோரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குலுக்கலால் நடக்கும் ஆட்சியைப் பார்த்து வளர்ந்தவர் பிளேட்டோ. அவர் கேள்வி இதுதான்: செருப்பு தைக்கத் தெரிந்தவனைத் தேடுகிறோம், கப்பலோட்டத் தெரிந்தவனைத் தேடுகிறோம், ஆளுவதற்கு மட்டும் குலுக்கல் போதுமா? சாக்ரடீஸ் வழக்கில் 30 வாக்குகள் இடம் மாறியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். சரி, நிபுணர்களிடம் ஆட்சியைக் கொடுக்கலாம் என்றால், நிபுணன் என்று யார் முடிவு செய்வது? பிளேட்டோவின் பதில் 50 வயது வரை நீளும் பாடத்திட்டம்: கணிதம், வடிவியல், வானியல், இசையின் கணக்கு, அப்புறம் தருக்கம், அதற்கப்புறம் 15 ஆண்டு நிர்வாகப் பணி. தேர்வில் தேறியவர்களை அடுத்த தேர்வுக்கு அனுப்புவது முன்பு தேறியவர்கள். எனக்கு இடிப்பது அந்த இடம்தான்.

கே: பிறக்கும்போதே தங்கம், வெள்ளி, இரும்பு என்று மனிதர்களைப் பிரிக்கிறாரே, இது சாதி இல்லாமல் வேறென்ன?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். ஒற்றுமையும் உண்டு, முக்கியமான வித்தியாசங்களும் உண்டு.

கதை இப்படிப் போகிறது. எல்லோரும் ஒரே மண்ணில் பிறந்தவர்கள், ஆகவே உடன்பிறப்புகள். ஆனால் ஆளத் தகுந்தவர்களிடம் கடவுள் தங்கத்தைக் கலந்தார், வீரர்களிடம் வெள்ளியை, உழவர்களிடமும் கைவினைஞர்களிடமும் இரும்பையும் வெண்கலத்தையும். இது பொய் என்று சாக்ரடீஸே சொல்லிவிடுகிறார். சொல்லத் தயங்கித் தயங்கித்தான் சொல்கிறார். இதை நம்பவைக்க முடியுமா என்று கேட்டால், முதல் தலைமுறை நம்பாது, பிள்ளைகளும் பேரன்களும் நம்புவார்கள் என்கிறார் கிளாக்கன். படிக்கும்போது முதுகு சில்லிட்ட இடம் அது.

வித்தியாசத்துக்கு வருவோம். தங்கத்துக்கு இரும்பு பிறந்தால் இரக்கம் பார்க்காமல் கீழே அனுப்ப வேண்டும். இரும்புக்குத் தங்கம் பிறந்தால் மேலே உயர்த்த வேண்டும். பிறப்பு மட்டுமே தீர்ப்பல்ல. இரண்டாவது வித்தியாசம் இதைவிடப் பெரியது: மேலே இருப்பவனுக்கு ஒன்றும் கிடையாது. சொந்த நிலமில்லை, யாரும் நுழையக் கூடாத வீடில்லை, சாப்பாடு பொதுப் பந்தியில். தங்கப் பிறவி தங்கத்தைத் தொடவே கூடாது. தங்கக் கோப்பையில் குடிக்கவும் கூடாது. காசு, நகை, நிலம் எல்லாம் இரும்புக்காரர்களிடம். மேல்தட்டு இப்படி இருக்கச் சம்மதிக்கிற சாதியமைப்பு எதுவும் எனக்குத் தெரியாது. ஆனாலும், யார் எந்த உலோகம் என்பதை உரசிப் பார்ப்பவர்கள் மேலே இருப்பவர்கள்தானே? அந்தச் சந்தேகத்தை நூல் தீர்த்துவைக்கவில்லை.

கே: பெண்களும் ஆளலாம் என்றாராமே?

ஆமாம். பெண்ணுக்கு வீட்டுக்கு வெளியே குரலே இல்லாத ஏதென்ஸில் எழுதினார். ஆணும் பெண்ணும் வேறு இயல்புடையவர்கள், அதனால் வேலையும் வேறாகத்தானே இருக்க வேண்டும் என்று எதிர்க்கட்சி சொல்வதாக வைத்து, அதற்கு அவர் தரும் பதில் எனக்குப் பிடித்தது: வழுக்கைத் தலையனும் முடி வளர்த்தவனும்கூட வேறு இயல்புதான், வழுக்கையன் செருப்பு தைத்தால், முடி வளர்த்தவன் தைக்கக் கூடாது என்போமா?

உடனே கொடி பிடித்துவிடாதீர்கள். பெண் பொதுவாக வலிமை குறைந்தவள் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறார். தவிர, காவலர்களுக்கு, அதாவது ஆள்பவர்களுக்கும் வீரர்களுக்கும், குடும்பமே கிடையாது. யார் யாரோடு சேர்வது என்பது குலுக்கலில் வரும், அந்தக் குலுக்கலை ஆள்பவர்கள் ரகசியமாகத் திருத்திவைப்பார்கள், விரும்பியவர் கிடைக்காதவன் தன் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்வான். ஏதென்ஸில் மோசடி நடக்காமலிருக்க உண்டானது குலுக்கல். பிளேட்டோவின் நகரத்தில் மோசடிக்காகவே நடக்கிறது.

கே: மாய மோதிரக் கதைக்கு விடை என்ன?

லிடியா நாட்டு மேய்ப்பன் ஒருவன் பிளந்த நிலத்துக்குள் இறங்கி, ஒரு பிணத்தின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றுகிறான். கல்லை உள்பக்கம் திருப்பினால் ஆள் மறைந்துவிடுவான். அரசியை வளைத்து, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடிக்கிறான். யாரும் பார்க்கவில்லை என்றால் யார்தான் ஒழுங்காக இருப்பார்கள் என்பது கிளாக்கனின் கேள்வி. விடை கடைசிப் பகுதியில் ஒரே வரியில் வருகிறது: மோதிரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேர்மையாக இருப்பதே ஆன்மாவுக்கு நல்லது. ஆசைகள் அறிவை ஆளும் மனிதன், வேலைக்காரர்கள் எஜமானனைக் கட்டிப்போட்ட வீடு மாதிரி. வெளியே யாரும் பார்க்காவிட்டாலும் உள்ளே அவன் சிறையில்தான் இருக்கிறான். அவரவர் வேலையை அவரவர் செய்து, அடுத்தவர் வேலையில் தலையிடாமலிருப்பதே நீதி என்று நகரத்துக்குச் சொன்ன விளக்கம் மனதுக்கும் அதேதான். நகரத்தை வரைந்ததே, மனிதனுக்குள் பொடி எழுத்தில் இருப்பதைப் பெரிய எழுத்தில் படிக்கத்தான்.

கே: யாராவது இதைச் செய்து பார்த்தார்களா?

பிளேட்டோவே சிரக்யூஸுக்கு மூன்று முறை கப்பலேறினார். சர்வாதிகாரியின் மகன் இரண்டாம் டயோனிசியஸைத் தத்துவ அரசனாக்கலாம் என்று அவர் நண்பர் டியோன் நம்பினார். பையனுக்குத் தத்துவம் பேசப் பிடித்தது, படிக்கப் பிடிக்கவில்லை. டியோன் பிற்பாடு படையோடு போய் நகரைப் பிடித்து, கி.மு. 354இல் கூட இருந்த ஏதென்ஸ்காரராலேயே கொல்லப்பட்டார். முதுமையில் பிளேட்டோ எழுதிய ‘சட்டங்கள்’ நூலில் தத்துவ அரசன் இல்லை. அந்த இடத்தில் சட்டம் ஆள்கிறது. 5,040 குடும்பங்கள் கொண்ட நகரம்; 1 முதல் 10 வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும் என்பதால் அந்தக் கணக்கு.

கே: அரிஸ்டாட்டில் எங்கே வேறுபடுகிறார்?

முக்கியமாக, நகரம் ஒரே உடம்பாக வேண்டியதில்லை என்பதில். எல்லாப் பிள்ளைகளும் எல்லோருக்கும் பிள்ளை என்றால், பாசம் நிறையத் தண்ணீரில் விட்ட துளி இனிப்பு மாதிரி நீர்த்துப்போகும் என்றார். பங்கீட்டு நீதிக்கு அவர் தந்த உதாரணம் புல்லாங்குழல்: நல்ல குழலை நன்றாக வாசிப்பவனுக்குக் கொடு, நல்ல குலத்தில் பிறந்தவனுக்கு அல்ல. லெஸ்போஸ் தீவுக் கொத்தனார்கள் ஈயத்தில் அளவுகோல் வைத்திருந்தார்கள். கல்லின் வளைவுக்கு ஏற்ப வளையும். சட்டம் பொதுவாகத்தான் எழுதப்படும், வழக்கு ஒவ்வொன்றும் தனி ரகம். அங்கே அந்த ஈயக்கோல் போன்ற நியாயம் வேண்டும் என்றார். இவ்வளவு நுட்பமானவர், சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்றும் எழுதினார். அதற்குச் சப்பைக்கட்டு கட்ட நான் வரவில்லை.

கே: பிளேட்டோவின் லட்சிய நகரத்தில் நீங்கள் குடியிருப்பீர்களா?

எந்த நகரத்தில்? இரண்டு நகரங்கள் இருக்கின்றன. நாம் எல்லோரும் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

முதலில் சாக்ரடீஸ் வரைவது ஒரு சிறிய ஊர். உழவர், தச்சர், செருப்பு தைப்பவர், வியாபாரி. பார்லி அப்பமும் கோதுமை ரொட்டியும் செய்து, நாணல் மேலும் சுத்தமான இலைகள் மேலும் பரிமாறிக்கொண்டு, கொஞ்சம் திராட்சை மது, பாட்டு, பிள்ளைகளோடு பேச்சு. போர் கிடையாது. காவலரும் கிடையாது, அரசரும் கிடையாது. கிளாக்கன் இடைமறிக்கிறார்: ‘தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லையே!’ மறந்துவிட்டேன் என்று சாக்ரடீஸ் உப்பு, ஆலிவ், பாலாடைக்கட்டி, வெங்காயம், கீரை எல்லாம் சேர்க்கிறார். கடைசியில் கொறிக்க அத்திப்பழம், கொண்டைக்கடலை, நெருப்பில் சுட்ட ஓக் கொட்டை. ‘பன்றிகளுக்கு ஊர் அமைத்தாலும் இதைத்தானே போடுவீர்கள்?’ என்கிறார் கிளாக்கன். சாய்ந்து சாப்பிடக் கட்டில் வேண்டும், மேஜை வேண்டும், பலகாரம் வேண்டும்.

சரி, உண்மையான நகரம், ஆரோக்கியமான நகரம் நான் சொன்னதுதான். உனக்குக் காய்ச்சல் கண்ட நகரம்தான் வேண்டுமென்றால் அதையும் பார்ப்போம் என்கிறார் சாக்ரடீஸ். பலகாரத்துக்கு நிலம் போதாது, அண்டை ஊரின் நிலம் வேண்டும், போர் வரும், போருக்குப் படை, படையை அடக்கக் கல்வி, கல்வி கொடுக்க ஞானி. தங்கம், வெள்ளி, பொய், குலுக்கல் எல்லாம் இதற்கப்புறம் வந்தவை.

எனக்கு முதல் ஊரில் ஒரு வீடு பார்த்துக் கொடுங்கள். கொண்டைக்கடலை இருக்கிறதே, சுண்டல் பண்ணிக்கொள்கிறேன்.