ஜூலியா சைல்டும் நம் வீட்டுச் சட்டியும்: கேட்டவர்களுக்கு அக்காவின் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பெண்களுக்கு நடத்தும் சமையல் வகுப்பில், அமெரிக்க டிவி சமையல்காரர் ஜூலியா சைல்ட் (1912–2004) பற்றிச் சொன்னேன். அப்புறம் வந்த கேள்விகளுக்குப் பதில் இங்கே.

அக்கா, அவர் சின்ன வயதிலேயே சமையல் பழகியவரா?

இல்லைம்மா. வீட்டில் சமைக்க ஆள் இருந்தது. போர்க்காலத்தில் அமெரிக்க உளவுத்துறையில் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. 1944இல் இலங்கைக்கு அனுப்பினார்கள். தங்கியது கண்டியில், நம்மைப் போன்ற தோட்டத்துத் தமிழர்கள் கொழுந்து பறிக்கும் மலைநாட்டில்! அங்கே பழகிய பால் சைல்டை 1946இல் மணந்தார். 1948இல் கணவர் வேலை நிமித்தம் பிரான்ஸ். 1949இல் பாரிஸ் சமையல் பள்ளியில் சேர்ந்தபோது வயது 37. கல்யாணமான பிறகு என்ன படிப்பு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

டிவிக்கு எப்படி வந்தார்?

இரண்டு பிரெஞ்சுப் பெண்களோடு எழுதிய சமையல் புத்தகம் 1961இல் வந்தது. அதைப் பற்றிப் பேசப் போன பாஸ்டன் நிகழ்ச்சியில் ஆம்லெட் போட்டுக் காட்டினார். பார்த்தவர்கள் இன்னும் வேண்டுமென்று கடிதம் போட, 1963இல் 'தி பிரெஞ்ச் செஃப்' தொடங்கியது.

கோழியைத் தரையில் போட்டுவிட்டு எடுத்துச் சமைத்தாராமே?

கட்டுக்கதை தம்பி. விழுந்தது உருளைக்கிழங்கு அடை, அதுவும் அடுப்பு மேடையில். அள்ளிச் சட்டியில் போட்டு, சமையலறையில் தனியாகத்தானே இருக்கிறீர்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். ஒளிப்பதிவை அநேகமாக நிறுத்தாமலே எடுத்ததால் இதெல்லாம் அப்படியே டிவியில் வந்தது. பயந்து பயந்து சமைத்த பெண்களுக்கு அதுதான் தைரியம் கொடுத்தது.

அவர் சமைத்துக் காட்டிய ஒயின் ஊற்றிய மாட்டிறைச்சி நமக்கு எதற்கு?

மாடு வேண்டாம், அதில் அவர் சொன்ன காரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இறைச்சியை ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் வதக்கச் சொன்னார். நீர் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது; சிவக்க அதைவிட நிறையச் சூடு வேண்டும். நம் கோழி வறுவல் வெளுத்துப்போய்த் தண்ணி விடுவது இதனால்தான். பசாரில் வாங்கிய கோழியைக் கழுவி நன்றாக வடியவிட்டுத் துடையுங்கள். சட்டி நிறையக் கொட்டாமல் இரண்டு தடவையாகப் போடுங்கள். மசாலா அப்புறம்.

அவர் சமையலறை இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது, வாஷிங்டன் அருங்காட்சியகத்தில். ஆறடிக்கு மேல் உயரமான அவருக்காகக் கணவர் மேடையை உயர்த்திக் கட்ட வைத்தார். உங்கள் வீட்டில் மேடை போடும்போதும், சமைப்பவரை நிற்க வைத்து அளந்து கட்டச் சொல்லுங்கள்.