நெல்லின் வேர் வளர்ச்சியைத் தாவர ஹார்மோன்கள் எப்படிக் கட்டுப்படுத்துகின்றன?

"நட்டுப் பத்து நாளாகியும் நாற்று பச்சை பிடிக்கவில்லை. வேர் வளர ஹார்மோன் மருந்து அடிக்கலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். தாவரவியல் படித்தவன் நான். எங்கள் வீட்டில் நெல்தான் பயிர்.

முதலில் ஒரு நாற்றைப் பிடுங்கி வாய்க்கால் தண்ணீரில் அலசிப் பாருங்கள். துருப்பிடித்தாற்போல் பழுப்பாகத் தொங்குபவை நாற்றங்காலில் வளர்ந்த பழைய வேர்கள். நாற்றுப் பறிக்கும்போதே பாதி அறுந்திருக்கும். தண்டின் அடியை விரலால் விலக்கினால், தையல் நூல் பருமனில் வெள்ளை வெளேரென்று சில வேர்கள் தெரிய வேண்டும். பயிரைக் காப்பாற்றப் போவது அவைதான். விதையிலிருந்து வரும் முதல் வேர் ஒன்றே ஒன்று. அதன் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். பிறகு வருகிற சல்லி வேர்கள் தண்டின் அடியில் நெருக்கமாக அடுக்கியிருக்கும் கணுக்களிலிருந்து கிளம்புபவை.

கணுவில் வேர் முளைக்கச் சொல்வது ஆக்சின் என்ற ஹார்மோன். இளம் இலைகளில் உருவாகி, செல் செல்லாகக் கைமாறிக் கீழே இறங்கி, அடிக்கணுவில் சேர்கிறது. அங்கே சி.ஆர்.எல்.1 என்ற மரபணுவைத் தூண்டிவிட, வேர் அரும்பு கட்டுகிறது. இந்த மரபணு பழுதான நெற்செடியைப் பற்றி 2005இல் ஆய்வுகள் வெளிவந்தன. அந்தச் செடிக்கு விதை வேர் இருக்கும். கணு வேர் ஒன்றுகூட இருக்காது.

சைட்டோகைனின் இதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். தண்டுப் பகுதியில் செல்களைப் பெருக்குகிற அதே ஹார்மோன், வேர் அரும்புவதைத் தடுக்கிறது. டபிள்யூ.ஓ.எக்ஸ்.11 என்ற மரபணு இந்த இரு ஹார்மோன்களின் செய்திகளையும் இணைத்து வேர் வளர வைக்கிறது. 2009இல் சீன ஆய்வாளர்கள் இதை அளவுக்கு மீறித் தூண்டியபோது, மேல் கணுக்களிலும், பூவின் அடியிலும்கூட வேர் முளைத்தது! கதிரில் வேர் விட்ட நெல்லை நினைத்துப் பாருங்கள். ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எந்த இடத்தில் எதனோடு சேர்ந்து இருக்கிறது என்பதும் முக்கியம் என்று எனக்கு உறைத்தது அதைப் படித்தபோதுதான்.

வேர் எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதிலும் ஆக்சினுக்குப் பங்கு உண்டு. பிலிப்பைன்ஸின் மேட்டுநில நெல்லான கினாண்டாங் படோங் ஆழமாக வேர் விடும், ஐ.ஆர்.64 என்ற நெல் ரகத்தின் வேர் மேலாகவே பரவும். இதற்குக் காரணமான, ஆக்சினுக்குக் கட்டுப்படும் டி.ஆர்.ஓ.1 மரபணுவை ஜப்பானியர்கள் 2013இல் அடையாளம் காட்டினார்கள். அதை ஐ.ஆர்.64இல் சேர்த்ததும் வேர் செங்குத்தாக இறங்கியது, வறட்சியிலும் விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை.

உங்கள் வயலில் நான் சந்தேகப்படுவது எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனை. அது வாயு. பொலபொலப்பான மண்ணில் வேரிலிருந்து கசிந்து வெளியேறிவிடும். இறுகிய மண்ணிலோ, நீர் தேங்கிய சேற்றிலோ வெளியேற வழியின்றி வேரைச் சுற்றியே தங்கும். வேர் நீளாமல் நுனி தடித்துப்போகும். மண் கெட்டியாக இருப்பதால் வேர் இறங்கவில்லை என்றே வெகுகாலம் நினைத்திருந்தோம். எத்திலீனை உணராத நெல் வகைகள் அதே இறுகிய மண்ணைத் துளைத்துக்கொண்டு போனதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் எத்திலீனை எதிரி என்று ஒதுக்கவும் முடியாது. வெள்ளத்தில் நிற்கும் நெல்லுக்கு, வேருக்குள் காற்று போகும் குழிகளை உண்டாக்குவதும், கணு வேர் வெளிவர மேல்தோலில் வழிவிடுவதும் அதுவே.

ஆகவே மருந்து வாங்க வேண்டாம். வேரைப் பொறுத்தவரை ஆக்சின் மிகமிகக் குறைந்த அளவில்தான் வளர்ச்சியைத் தூண்டும். சற்றுக் கூடினாலும் நீள்வதையே நிறுத்திவிடும். தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு காணும்வரை காயவிட்டு, பிறகு பாய்ச்சுங்கள். வேர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் இன்றே வடியுங்கள். இலையில் துருப்புள்ளி இருந்தால் அது துத்தநாகக் குறையாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. அடுத்த போகத்தில் நாற்றின் வேரை அசோஸ்பைரில்லம் கரைசலில் நனைத்து நடுங்கள். அந்த பாக்டீரியா வேரருகிலேயே சிறிது சிறிதாக ஆக்சின் சுரக்கும்.

வடித்த ஐந்தாம் நாள் மறுபடி ஒரு நாற்றைப் பிடுங்கி, வெள்ளை வேர் எத்தனை, எவ்வளவு நீளம் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள்.