ஆட்சியை வீட்டுக்கு அனுப்பும் உரிமை யாருக்கு? – கேள்வி பதில்

சென்ற மாதம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு சிறு கூட்டத்தில் நாடாளுமன்ற ஆட்சிமுறை பற்றிப் பேசினேன். மழை பிடித்துக்கொண்டதால் பாதியில் கலைந்துவிட்டோம். சீட்டில் எழுதித் தந்துவிட்டுப் போன கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

லாஸ்பேட்டை வாசகி: நாடாளுமன்ற முறை, அதிபர் முறை. ஒரே ஒரு வித்தியாசம் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

ஆட்சித் தலைவரை நடுவில் இறக்க சபைக்குக் காரணம் சொல்லத் தேவையுண்டா என்பதைத்தான். நம் முறையில் தேவையில்லை. "உங்கள் மீது நம்பிக்கை இல்லை" என்றால் போதும். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசுக்கு மக்களவையில் ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஓட்டு, ஆட்சி போய்விட்டது. அமெரிக்காவில் அதிபர் மீது குற்றம் சாட்டி, மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்க வேண்டும். டிரம்ப் மீது 2019இலும் 2021இலும் முயன்றார்கள், இரண்டு முறையும் அந்த எண்ணிக்கை தேறவில்லை.

முதலியார்பேட்டை வாசகர்: எங்கள் தெருவில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தாத்தா ஒருவர், பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியிலேயே ஓட்டுப் போடுகிறார். நம் குடியரசுத் தலைவருக்கு நான் ஓட்டுப் போட முடியவில்லையே, ஏன் சார்?

நம்மூரில் மட்டுமே வரக்கூடிய கேள்வி! உங்களுக்கு நேரடி ஓட்டு இல்லைதான். ஆனால் உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு உண்டு. முதலில் அதுவும் இல்லை. 1992இல் 70ஆவது திருத்தம் வந்த பிறகுதான் தில்லி, புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களைச் சேர்த்தார்கள்.

நேரடியாக ஏன் தேர்ந்தெடுப்பதில்லை? கோடிக்கணக்கான பேர் ஓட்டுப் போட்டு வந்தவர் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டு சும்மா இருப்பாரா? "மக்கள் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்" என்று பிரதமரோடு மல்லுக்கு நிற்பார். ஒரே உறையில் இரண்டு கத்தி.

அந்த இரண்டு கத்தியையும் வைத்துக்கொண்டு சமாளிப்பது பிரான்ஸ்தான். 1962 முதல் அங்கே அதிபர் மக்களின் நேரடி ஓட்டில் வருகிறார். பிரதமரோ நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். 1986இல் இடதுசாரி அதிபர் மித்தரானும் வலதுசாரிப் பிரதமர் சிராக்கும் ஒரே ஆட்சியில் உட்கார நேர்ந்தது. 2024 டிசம்பரில் பிரதமர் பார்னியே நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் விழுந்தார், அதிபர் மக்ரோன் நாற்காலி ஆடவில்லை. அந்தத் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள், இன்னும் நன்றாகச் சொல்வார்.

அரியாங்குப்பம் வாசகி: அமெரிக்காவில் எம்.பி. அமைச்சராக முடியாதாமே?

பதவியை விட்டால் முடியும். ஹிலாரி கிளின்டன் 2009இல் செனட்டை விட்டுத்தான் வெளியுறவுத் துறைக்குப் போனார். இங்கே நேர் எதிர். எம்.பி.யாக இல்லாதவர் அமைச்சரானால் 6 மாதத்துக்குள் ஆகியாக வேண்டும்.

வில்லியனூர் வாசகர்: 2021இல் நம் புதுச்சேரி ஆட்சி கவிழ்ந்தது. அதிபர் முறையாக இருந்தால் தப்பித்திருக்கும் அல்லவா?

தப்பித்திருக்கும். ஆனால் ஓடியிருக்குமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் 2018 டிசம்பரில் எல்லைச் சுவருக்குப் பணம் தர மாட்டோம் என்று அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் மறுக்க, அதிபர் பிடிவாதம் பிடிக்க, 35 நாள் அரசின் ஒரு பகுதி மூடிக் கிடந்தது. சுமார் 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. யாரும் பதவி இழக்கவில்லை! இங்கே பட்ஜெட் தோற்றால் அன்றே ஆட்சி முடிந்தது.

அம்பேத்கர் இதை 1948 நவம்பர் 4 அன்றே அரசியல் நிர்ணய சபையில் பேசினார். நிலைத்தன்மையும் பொறுப்பும் ஒருசேர முழுதாகக் கிடைக்காது, நாம் பொறுப்பைத் தேர்ந்தெடுத்தோம் என்பது அவர் வாதம். நானும் அந்தப் பக்கம்தான்.

ஆனால் 2021 பிப்ரவரி 22 அன்று இங்கே நடந்ததை வைத்து நாடாளுமன்ற முறையை எடை போட வேண்டாம். நம்முடையது யூனியன் பிரதேசம். துணைநிலை ஆளுநர் இருக்கிறார். சபையில் தேர்ந்தெடுத்த 30 பேருடன் மத்திய அரசு நியமிக்கும் 3 பேர் வரை உண்டு. அவர்களுக்கும் ஓட்டுரிமை உண்டு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மக்கள் அனுப்பாதவர் மக்கள் அனுப்பிய ஆட்சியை இறக்க ஓட்டுப் போடுவது எனக்கு இன்னும் நெருடுகிறது.

பாகூர் வாசகர்: கொறடா சொன்னபடிதான் கை தூக்க வேண்டும் என்றால், ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஆட்சியை எப்படித் தட்டிக் கேட்பார்?

கேட்க மாட்டார். வந்த சீட்டுகளிலேயே கூர்மையானது உங்களுடையதுதான். பிரிட்டனில் 2019 ஜனவரியில் பிரதமர் தெரசா மேயின் பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும்) ஒப்பந்தத்தை அவர் கட்சியிலேயே 118 பேர் எதிர்த்தார்கள். அதற்காக ஒருவர் பதவியும் பறிபோகவில்லை. இங்கே 1985 கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடாவை மீறினால் பதவியே போகும். கட்சி விட்டுக் கட்சி ஓடுவதைத் தடுக்க வந்த சட்டம், சபைக்குள் எழ வேண்டிய குரலையும் சேர்த்து அடைத்துவிட்டது. ஓட்டமாவது நின்றதா? எதிர்த்து ஓட்டுப் போட்டால்தானே வம்பு என்று ராஜினாமா செய்யக் கற்றுக்கொண்டார்கள். 2021இல் உங்கள் சபையில் எண்ணிக்கை குறைந்ததும் அந்த வழியில்தான்.