நோயாளியே இல்லாத விண்வெளியில் டொக்டருக்கு என்ன வேலை?

இந்தக் கேள்விக்குக் கீழே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "இங்கே ஆஸ்பத்திரிகளில் டொக்டர் போதாது, அவர்கள் அங்கே மிதந்துகொண்டு செய்த ஆராய்ச்சியால் நமக்கு என்ன கிடைத்தது?" உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளை என்று நினைக்கிறேன். வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தவள், அதனால்தான் எழுதுகிறேன். நான் டொக்டரும் இல்லை, தாதியும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அங்கே நோயாளி இல்லை என்பதே சரியில்லை. போகிற டொக்டர்தான் முதல் நோயாளி. உடம்பின் பாரத்தைத் தாங்குகிற வேலை இல்லாமல் போனால் எலும்பு கரையத் தொடங்கும். இடுப்புப் பக்கம் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி குறைகிறது. கால் தசை மெலியும், கீழே இருக்க வேண்டிய நீர் மேலே ஏறி முகம் வீங்கும். 2009இல் மைக்கேல் பராட், ராபர்ட் தேர்ஸ்க் என்று இரண்டு டொக்டர்கள் ஒரே காலத்தில் விண்வெளி நிலையத்தில் இருந்தார்கள். பார்வையில் மாற்றம் தெரிந்ததும் ஒருவர் கண்ணை மற்றவர் சோதித்துப் பார்த்தார்கள். நீண்ட பயணத்தில் கண் நரம்பின் முனை வீங்குவதை இன்றைக்கும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவர் வலேரி பொல்யகோவ் என்ற ரஷ்ய டொக்டர். 1994 ஜனவரியில் மீர் என்ற ரஷ்ய விண்வெளி நிலையத்துக்குப் போனவர் 1995 மார்ச்சில்தான் திரும்பினார். 437 நாள்! ஒரே பயணத்தில் அவ்வளவு காலம் வேறு யாரும் இருந்ததில்லை. செவ்வாய் வரை போகிற மனிதனுக்கு உடம்பு தாங்குமா என்பதைத் தன் உடம்பிலேயே பார்க்கப் போனார். தரையிறங்கியதும் மற்றவர்கள் தூக்கிப் போவதுதான் வழக்கம். அவரோ கலத்திலிருந்து பக்கத்தில் போட்டிருந்த கதிரைக்குத் தானே நடந்து போனார்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்தது அம்மாவால்தான். எங்கள் வீடு களுவாஞ்சிகுடிப் பக்கம். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஒப்பரேஷன் முடிந்த அடுத்த நாளே பிசியோ தங்கச்சி வோக்கரோடு வந்து நின்றா. அம்மா வலியில் அழ, எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பிள்ளை கோபிக்காமல் சொன்னா: "அக்கா, விண்வெளிக்குப் போனால் உடம்பு என்னவாகும் என்று தெரிந்துகொள்ள ஆட்களைக் கட்டிலில் படுக்க வைத்துத்தான் பார்க்கிறார்கள்."

தேடிப் பார்த்தேன், உண்மைதான். ஜெர்மனியில் கொலோன் நகரில் நல்ல ஆரோக்கியமான ஆட்களைத் தலைப்பக்கம் 6 பாகை தாழ்ந்த கட்டிலில் 60 நாள் கிடத்தியிருக்கிறார்கள். சாப்பாடு, குளிப்பு எல்லாம் படுத்தபடியேதான். படுத்தே கிடந்தால் கால் பாரம் தாங்காமல், விண்வெளியில் போலவே எலும்பும் தசையும் மெலியும். இளம் உடம்புக்கே அந்த நிலை என்றால் எழுபது தாண்டிய என் அம்மாவுக்கு?

இரத்தம் உறையாமலிருக்க அம்மாவுக்கு வயிற்றில் ஊசி போட்டார்கள். விண்வெளி நிலையத்தில் ஒருவருக்குக் கழுத்து இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருந்தது ஆராய்ச்சிக்காக ஸ்கேன் பண்ணும்போது தெரிய வந்ததாம். 2020இல் மருத்துவ இதழில் அதை எழுதியிருக்கிறார்கள். அவருக்கும் அதே வகை ஊசிதான். பூமியிலிருந்து டொக்டர்கள் வழிசொல்ல, அடுத்த சரக்குக் கப்பலில் மாத்திரை வரும்வரை இருந்த மருந்தைக் குறைத்து நீட்டிப் போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய போராட்டம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஹோர்லிக்ஸ் போத்தலோடு ஒரு புத்திமதியும் கொண்டுவந்தார்கள். "ஏன் புள்ள வயசான மனுசிய வதைக்கிறாய், கிடக்கட்டும் விடு" என்று பெரியம்மா என் முகத்துக்கு நேரேயே சொன்னார். நான் விடவில்லை. விண்வெளி நிலையத்தில் தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள், என் அம்மா வாசல் வரை நடக்கக் கூடாதா? போன வைகாசிச் சடங்குக்குக் கண்ணகை அம்மன் கோயிலுக்கு அம்மா நடந்தே போனார். பெரியம்மாவும் பக்கத்தில்தான் வந்தார்.

டொக்டர் எழுப்ப வேண்டாம் என்று சொன்னவர்களை நான் எழுப்பச் சொல்லவில்லை. எல்லா முறிவும் ஒன்றில்லை. அப்புறம் யாரும் வந்து என்னோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

இதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கிளினிக்குக்குப் போக பஸ் ஏறினால், அம்மா ஒரு காலை மிதிபலகையில் வைப்பதற்குள் "கெதியா ஏறுங்க, கெதியா" என்று கத்தி மணியடித்துவிடுகிறார்கள். கைப்பிடியில் தொங்கிக்கொண்டு அம்மா நடுங்கிய நடுக்கம் எனக்குத்தான் தெரியும். பிறகு ஓட்டோதான், ஒவ்வொரு முறையும் அந்தச் செலவு. நடந்து பழகிய மனுசியை மறுபடியும் விழுத்தப் பார்க்கிறார்கள். ஒரு நிமிடம் நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்?

சரி, நமக்கு என்ன கிடைத்தது என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ படுக்கையில் இருந்தால், ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புமுன் மூன்று விஷயம் கேளுங்கள்: எப்போதிருந்து எழுப்பலாம், காலில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம், படுத்தபடி என்ன பயிற்சி செய்யலாம். பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட உதவும்.