ஸ்பீடு டெஸ்ட்டில் 90, நேரலையில் சுற்றும் வட்டம்: 200-க்கு மாறலாமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 90-க்கு மேல் காட்டுகிறது. ஆனாலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் டிவியில் கிரிக்கெட் நேரலை பார்த்தால் படம் திடீரென்று மங்குகிறது, சில சமயம் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. அதே டிவியில் சினிமா போட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. இதில் பக்கத்து வீட்டில் கேபிளில் பார்ப்பவர்கள் விக்கெட் விழுந்ததும் கத்துகிறார்கள், எங்களுக்கு அது அரை நிமிடம் கழித்துத்தான் வருகிறது. 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா?”

மாற வேண்டாம். இந்தக் காரணத்துக்காக மாறினால் மாதாமாதம் கூடுதல் பணம் போகும், வட்டம் சுற்றுவது நிற்காது. முழு எச்டி படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் வேகம் 5 எம்பிபிஎஸ்தான், 4கே-க்கு 15. கிரிக்கெட் நேரலை இதைவிடக் கொஞ்சம் கூடக் கேட்டாலும் உங்களிடம் இருப்பது பல மடங்கு. இன்னொன்று, பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளின் லேன் போர்ட்டே (இணையக் கம்பி செருகும் துளை) 100 எம்பிபிஎஸ் வகைதான். 200 வாங்கினாலும் அந்தக் கம்பி வழியாக அது டிவிக்குள் போகாது.

உங்கள் கேள்வியிலேயே முக்கியமான துப்பு ஒன்று இருக்கிறது: சினிமா ஓடுகிறது, நேரலை நிற்கிறது. அதே டிவி, அதே இணைப்பு, அதே நேரம். வித்தியாசம் எங்கே என்று தெரிய, வீடியோ வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒளிபரப்பு மாதிரி அது இடைவிடாமல் வந்துகொண்டிருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் துண்டு துண்டாக வருகிறது. நீங்கள் மேட்சைத் தொட்டதும் டிவியில் இருக்கும் ஆப் முதலில் வாங்குவது படத்தை அல்ல, ஒரு பட்டியலை. பல சேவைகளில் அது எம்3யு8 என்று பெயர் முடியும் ஒரு சின்னக் கோப்பு. திறந்து பார்த்தால் வெறும் எழுத்துதான்: இந்தத் துண்டு 6 விநாடி, அதன் பெயர் இது, அடுத்ததும் 6 விநாடி, பெயர் இது. இதே மாதிரி தரத்துக்கு ஒரு பட்டியலாக நாலைந்து இருக்கும். ஆப் ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்கி வரிசையில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறது. அப்படி வாங்கி வைத்த, இன்னும் ஓட்டாத விநாடிகளின் கையிருப்புக்குத்தான் பஃபர் என்று பெயர். கையிருப்பு தீர்ந்தால் வட்டம் சுற்றும். வேறு எதற்கும் அது சுற்றுவதில்லை.

இந்த ஏற்பாடு முதலிலிருந்தே இருந்ததல்ல. 1995 செப்டம்பர் 5 அன்று சியாட்டில் மரைனர்ஸ், நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையை ரியல்ஆடியோ என்ற ஒலி மென்பொருள் இணையத்தில் நேரலையாகக் கொடுத்தது. குரல் மட்டும்தான், படம் கிடையாது. அந்தக் காலத்து மோடத்தின் வேகம் விநாடிக்கு 28.8 கிலோபிட், பலரிடம் அதுவும் இல்லை. அப்புறம் 1996-ல் ஆர்டிபி, 1998-ல் ஆர்டிஎஸ்பி என்று நெறிமுறைகள், அதாவது கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதிகள், வந்தன. இவற்றில் சர்வர்தான் தாளம் போடும். ஒவ்வொரு பார்வையாளரும் எந்த இடத்தில் இருக்கிறார், எங்கே நிறுத்தினார் என்பதை எல்லாம் அதுவே நினைவில் வைத்துக்கொண்டு, அளந்து அளந்து அனுப்பும். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அலுவலகங்களின் காவல் மென்பொருளான ஃபயர்வால்கள் அந்தப் பொட்டலங்களை (இணையத்தில் தகவல் போகும் சின்னச் சின்னக் கட்டுகள்) உள்ளேயே விடவில்லை. ஆயிரம் பேர் பார்த்தால் சர்வர் ஆயிரம் பேரின் கணக்கையும் சுமக்க வேண்டியிருந்தது.

மாற்றம் வந்தது 2000-களின் நடுவில். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மூவ் நெட்வொர்க்ஸ் என்றொரு சிறு நிறுவனம். அலுவலகக் கணினிகளை இணைக்கும் நோவெல் நெட்வேர் மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவரான ட்ரூ மேஜர் அங்கே இருந்தார். வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டு, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் செய்து வை, சாதாரண வெப்சைட் கோப்பு மாதிரியே கேட்டு வாங்கட்டும், எந்தத் தரம் வேண்டும் என்பதை வாங்குபவனே முடிவு செய்யட்டும். அவ்வளவுதான் யோசனை. இதற்கான காப்புரிமை 2010-ல் கிடைத்தது. அதற்குள் மைக்ரோசாஃப்ட் 2008-ல் ஸ்மூத் ஸ்ட்ரீமிங்கை அறிவித்துவிட்டது, 2009-ல் ஆப்பிள் ஐபோனுக்காக எச்எல்எஸ் கொண்டுவந்தது, 2012-ல் டேஷ் என்ற சர்வதேசத் தரமும் வெளியானது. இன்று உங்கள் டிவியில் இருக்கும் ஆப்கள் அநேகமாக எச்எல்எஸ் அல்லது டேஷ், இந்த இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்துகின்றன.

என்னைக் கேட்டால் ஸ்ட்ரீமிங்கில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு கிடையாது. சர்வருக்கு யோசிக்கிற வேலை போய்விட்டது. கேட்டதை எடுத்துக் கொடுத்தால் போதும். வெறும் கோப்புதானே, அதை நகல் எடுத்து எந்த ஊரிலும் வைக்கலாம். பிரபலமான கோப்புகளைப் பார்வையாளருக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொடுக்கிற சிடிஎன் தொழிலை எம்ஐடியைச் சேர்ந்த டாம் லெய்ட்டனும் டேனி லெவினும் 1998-ல் அகமாய் என்ற பெயரில் தொடங்கியிருந்தார்கள். வீடியோ துண்டுகளும் அதே வண்டியில் ஏறிக்கொண்டன. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் வரை பார்த்தார்கள். தாளம் போடும் பழைய சர்வர்களை வைத்துக்கொண்டு அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

சரி, உங்கள் டிவிக்கு வருவோம். 6 விநாடித் துண்டு, 5 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 5 மெகாபிட்) தரம் என்றால் அதன் எடை 30 மெகாபிட். 90 எம்பிபிஎஸ் இணைப்பில் அது வந்து சேர மூன்றில் ஒரு விநாடி போதும். மீதி ஐந்தரை விநாடிக்கு மேல் அந்த இணைப்பு டிவியைப் பொறுத்தவரை சும்மாதான் இருக்கிறது. 200 ஆக்கினால் சும்மா இருக்கும் நேரம் இன்னும் சற்றுக் கூடும், வேறென்ன.

அப்படியானால் கையிருப்பு ஏன் தீர்கிறது? சராசரி வேகம் குறைவதால் அல்ல, நடுவில் சில விநாடிகள் ஒன்றுமே வராமல் போவதால். ஸ்பீடு டெஸ்ட்டுக்கு இந்த ஓட்டை தெரியாது. அது கொஞ்ச நேரம் இணைப்பைப் பிழிந்து பார்த்து ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடும். அதுவும் நீங்கள் போட்டது போனில், ஒருவேளை ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

சினிமாவுக்கு இந்த ஓட்டைகள் வலிப்பதில்லை. அதன் எல்லாத் துண்டுகளும் ஏற்கெனவே தயாராக இருப்பதால், டிவி அடுத்த ஒரு நிமிடத்துக்கோ அதற்கு மேலோ முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். நடுவில் பத்து விநாடி தடங்கல் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. நேரலையில் அடுத்த துண்டு இன்னும் பிறக்கவே இல்லை. பந்து வீசினால்தானே துண்டு! வாங்கி வைக்கக்கூடியது சமீபத்திய இரண்டு மூன்று துண்டுகள்தான். எச்எல்எஸ் விதிப்படி டிவியில் இருக்கும் ஆப் அந்தத் துண்டுப் பட்டியலின் கடைசியிலிருந்து குறைந்தது மூன்று துண்டு நீளம் பின்னால் தள்ளித்தான் ஓட்டத் தொடங்க வேண்டும். ஆரம்பத்தில் ஆப்பிள் பரிந்துரைத்த துண்டு 10 விநாடி, ஆக 30 விநாடித் தாமதம். பிறகு 6 விநாடி ஆனது, ஆக 18. இதோடு மைதானத்திலிருந்து வரும் படத்தைச் சுருக்குவது, சிடிஎன்னுக்கு அனுப்புவது எல்லாம் சேர்ந்தால் உங்கள் அரை நிமிடம் வந்துவிடும்.

ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் முந்திக் கத்துவது பழுது அல்ல. அந்தத் தாமதம்தான் உங்கள் கையிருப்பு. (அவர் பார்ப்பதும் அப்பட்டமான நேரலை இல்லை, படத்தைச் சுருக்கி, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளுக்கு அனுப்பி, அது திரும்பி வந்து விரிவதற்குள் அங்கேயும் சில விநாடிகள் போய்விடுகின்றன.) 2019-ல் ஆப்பிள் குறைந்த தாமத எச்எல்எஸ் அறிவித்தது, துண்டு முழுதாகத் தயாராகும் முன்பே அதன் பகுதிகளை அனுப்பும் ஏற்பாடு. நல்ல கண்டுபிடிப்புதான், ஆனால் தாமதம் குறையும்போது கையிருப்பும் குறைகிறது. உங்கள் ஆப்பில் அப்படி ஒரு விருப்பம் இருந்தால் அணைத்து வையுங்கள்.

படம் மங்குவதற்கு வருகிறேன். ஒவ்வொரு துண்டும் எவ்வளவு வேகமாக வந்தது என்று ஆப் அளந்து, அடுத்த துண்டுக்கு எந்தத் தரம் கேட்கலாம் என்று முடிவு செய்கிறது. இதில் ஒரு வேடிக்கையான சிக்கலை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2012-ல் காட்டினார்கள். வீட்டில் வேறு யாராவது பெரிய டவுன்லோடு போட்டால் டிவி தனக்குரிய பங்கை வாங்கிக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும். ஆனால் டிவி ஒரு துண்டு வாங்கிவிட்டுச் சும்மா இருக்கும் இடைவெளியில் டவுன்லோடு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த துண்டு மெதுவாக வருகிறது. டிவி பயந்துபோய்த் தரத்தை இறக்குகிறது. சின்னத் துண்டு என்பதால் அது வேகம் எடுப்பதற்குள் முடிந்துவிடுகிறது, அளந்தால் இன்னும் குறைவாகத் தெரிகிறது, இன்னும் இறக்குகிறது. இருக்கிற பங்கைக்கூடக் கேட்டு வாங்காத கூச்ச சுபாவம். 2014-ல் டி-யுவான் ஹுவாங், நிக் மெக்கியோன் குழுவினர் நெட்ஃபிளிக்ஸோடு சேர்ந்து ஒரு மாற்று வழியைச் சோதித்தார்கள்: வேகத்தை ஊகிக்காதே, கையிருப்பில் எத்தனை விநாடி இருக்கிறது என்று மட்டும் பார், நிறைய இருந்தால் தரத்தை ஏற்று, குறைந்தால் இறக்கு. படம் நின்று நின்று ஓடுவது 10 முதல் 20 சதவீதம் வரை குறைந்தது. ஆனால் நேரலையில் கையிருப்பே சில விநாடிதான் என்பதால் இந்த உத்திக்கு அங்கே இடம் குறைவு.

இனி செய்ய வேண்டியது. முதலில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடியுங்கள். ராத்திரி எட்டரை வாக்கில் டிவியில் யூடியூப்பைத் திறந்து ஏதாவது ஒரு செய்திச் சேனலின் நேரலையைப் போடுங்கள். அமைப்புகளில் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். போட்டால் திரையில் ஒரு பெட்டி வரும். அதில் ‘பஃபர் ஹெல்த்’ என்ற வரியை மட்டும் பாருங்கள், கையிருப்பு விநாடியில் தெரியும். கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறி என்று பல்வரிசை மாதிரி போனால் நலம். இறங்கிக்கொண்டே போய் சைபரைத் தொட்டால் அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே சமயம் டிவிக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப்பை வைஃபையில் வைத்து, ரவுட்டரின் முகவரிக்குத் தொடர்ச்சியாகப் பிங் (ஒரு சின்னப் பொட்டலத்தை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளை) ஓட விடுங்கள். பல வீடுகளில் அந்த முகவரி 192.168.1.1 ஆக இருக்கும். சொந்த வீட்டு ரவுட்டரிலிருந்து பதில் சில மில்லிவிநாடியில் வர வேண்டும். 3, 4, 3, 280, 4 என்று துள்ளினாலோ, ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று விழுந்தாலோ கோளாறு உங்கள் வீட்டுக்குள்தான், இணைய நிறுவனத்திடம் சண்டை போட்டுப் பயனில்லை. பெரும்பாலும் இங்கேதான் பிடிபடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. ஒரு தெருவில் இருபது ரவுட்டர் இருந்தால் எல்லாம் அந்த மூன்றில்தான் முட்டிக்கொள்ள வேண்டும், எல்லோரும் வீட்டில் இருப்பது ராத்திரி எட்டு மணிக்கு. மைக்ரோவேவ் அவனும் அதே அலைவரிசைக்காரன்தான். டிவிக்கு லேன் கம்பி இழுத்துவிடுவதே முழுத் தீர்வு. முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள்; சுவர் இரண்டைத் தாண்டினால் அது சோர்ந்துவிடும் என்பதால் ரவுட்டரை டிவிக்குக் கிட்டே கொண்டுவர வேண்டியிருக்கும்.

ரவுட்டர் பிங் சீராக இருந்து, வெளி முகவரிக்கு (வீட்டுக்கு வெளியே ஏதாவது ஒரு வெப்சைட்டுக்கு) போகும் பிங் மட்டும், அதுவும் யாராவது போட்டோ, வீடியோவை மேகச் சேமிப்புக்கு ஏற்றும்போது எகிறினால், அது வேறு கதை. ரவுட்டரில் பொட்டலங்கள் நீண்ட வரிசையில் காத்துக் கிடக்கின்றன. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010-ல் இதற்கு பஃபர்பிளோட் என்று பெயர் வைத்தார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற மருந்து கண்டுபிடித்தார்கள்: ஒரு பொட்டலம் வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்த்து, தாமதம் நீடித்தால் சிலவற்றைக் கைவிடுவது. (1986-ல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி இணைப்பு விநாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்குப் படுத்தபோது இணையத்தைக் காப்பாற்றியவரும் இதே ஜேக்கப்சன்தான்.) உங்கள் ரவுட்டர் அமைப்புகளில் இந்த மாதிரி வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் அல்லது ஸ்மார்ட் க்யூ என்று இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் போட்டோ பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளுங்கள்.

இந்த மேட்சுக்கே உடனடியாக ஏதாவது வேண்டுமென்றால், உங்கள் ஆப் நேரலையை நிறுத்திவைத்துத் தொடர அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அனுமதித்தால் ஆரம்பத்தில் ஒரு நிமிடம் பாஸ் போட்டுவிட்டு ஓட்டுங்கள். நீங்கள் வேண்டுமென்றே பின்தங்குவதால் டிவிக்கு முன்கூட்டி வாங்கிவைக்கப் பத்துத் துண்டுகள் கிடைக்கும், நேரலையும் கிட்டத்தட்ட சினிமா மாதிரி ஆகிவிடும். ஆனால் ‘கோ லைவ்’ பொத்தானைத் தொட்டுவிடாதீர்கள், சேர்த்ததெல்லாம் அந்த நொடியில் போய்விடும்.

லேன் கம்பி போட்டும், வீட்டில் வேறு யாரும் இணையத்தைத் தொடாதபோதும் நிற்கிறதா? போனில் மொபைல் டேட்டாவில் அதே மேட்சைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் நின்றால் சேவை நிறுவனத்தின் பக்கம் நெரிசல், காத்திருப்பதைத் தவிர வழியில்லை. போனில் ஓடி வீட்டில் மட்டும் நின்றால், விபிஎன்னோ (இணையத்தை வேறு ஊர் சர்வர் வழியாகச் சுற்றிவிடும் ஆப்) மாற்றிவைத்த டிஎன்எஸ் முகவரியோ (வெப்சைட் பெயருக்கு எண் முகவரி தேடித் தரும் சர்வர்) இருந்தால் எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். அவற்றால் பக்கத்து சிடிஎன் சர்வரை விட்டுவிட்டு எங்கோ தூரத்து சர்வருக்குப் போய்விடுவது உண்டு. அதன் பிறகும் சரியாகாவிட்டால் இணைய நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். ‘நெட் ஸ்லோ’ என்று சொல்லாதீர்கள், ஸ்பீடு டெஸ்ட் போட்டு 90 காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். லேன் கம்பியில் பார்த்தது, நின்ற நேரம், ரவுட்டர் வரை சீராக இருந்த பிங், வெளி முகவரிக்கு எகிறிய பிங், இவற்றை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து அனுப்புங்கள்.